மெடிக்கல் போர்டுக்கு இஸ்திரி போட்ட சட்டை

இது நடந்து சில வருஷம்தான் ஆகுது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மத்தியானம். திருநின்றவூர்ல, எங்க வாடகை வீட்டு மாடியில, நான் சுண்டலுக்கு ஊறப்போட்ட கடலையை அலசிக்கிட்டு இருந்தேன். அப்பதான் அந்த போன் வந்துச்சு.

போன் பண்ணினவர் எங்க வீட்டுக்காரரோட கூட வேலை பாக்கறவர். யூனியன் ஆளு. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குக் கிடைச்ச கொழுந்தன்னே சொல்லலாம். "அண்ணி, பதறாத. அண்ணாத்தே கையில லேசா அடி. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு"ன்னாரு. எப்பவும் போன்ல கத்திப் பேசற மனுஷன் அன்னிக்கு மெதுவாப் பேசினாரு. கடலையை அப்படியே போட்டுட்டுக் கிளம்பினேன்.

எங்க வீட்டுக்காரர் அம்பத்தூர் பக்கம், அரசாங்க வண்டியெல்லாம் ரிப்பேருக்கு வர்ற ஒரு பணிமனையில அப்ப மெக்கானிக். எந்தப் பணிமனைன்னு கேக்காதீங்க, இன்னும் அந்தச் சம்பளத்துலதான் எங்க வீட்டுல உலை கொதிக்குது. ஆயுத பூஜைன்னா அங்க பெரிய திருவிழா. ரெண்டு நாளைக்கு முன்னாடியே தரையெல்லாம் சோப்புத் தண்ணி ஊத்தித் தேய்ப்பாங்க, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பாங்க, பெரிய ஆபீசர் வந்து கற்பூரம் காட்டுவாரு. அந்த வருஷம் ஒரு லாரி மட்டும் கியர் பாக்ஸ் கழட்டின நிலையில நடுவுல நின்னிருக்கு. பூஜைக்கு அசிங்கமா இருக்கும், இன்னிக்கே மாட்டி வெளிய தள்ளிட முடியுமான்னு மேல இருந்து கேட்டிருக்காங்க. இவர் "முடியும் சார்"னு சொல்லிட்டு அடியில போய்ப் படுத்துட்டாரு. சோப்புத் தண்ணியில ஜாக்கி வழுக்கிடுச்சு. இவரோட வலது கை இடுக்குல மாட்டிக்கிச்சு.

கையை எடுக்க வேண்டியதாயிடுமோன்னு மொதல்ல பயமுறுத்தினாங்க. தெய்வ புண்ணியம், எடுக்கல. தகடு வச்சுத் தைச்சு, எலும்பு கூடி, அஞ்சு விரலும் இருந்துச்சு. பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ஒரு நீளத் தழும்பு மட்டும்தான். அதுதான் எங்களுக்கு வினையாப் போச்சு. உள்ள நரம்பு நசுங்கிடுச்சு. கையை மூடுன்னா மூடுவாரு, கொஞ்ச நேரத்துல நடுங்க ஆரம்பிக்கும், அப்புறம் தானா விட்டுடும். சோத்தைப் பிசைய முடியாது. சின்னப் பொருளா எதைப் பிடிச்சாலும் பிடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியாதுன்னு சொல்லுவாரு. சுடுதண்ணி பட்டாக்கூடத் தெரியாது. ஒரு தடவை கொதிக்கற காபி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு, நான்தான் பதறிப் போய்ப் பிடுங்கினேன்.

நான் வீட்டுல ரவிக்கை தைக்கறவ. அவர் சட்டைக்கெல்லாம் பொத்தானை எடுத்துட்டு, அமுக்கினா ஒட்டிக்கற டிச் பட்டன் வச்சுத் தர்றேன், நீங்களே போட்டுக்கலாம்னு சொன்னேன். "குழந்தைச் சட்டையா அது?"ன்னு கேட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. சரி, வேணாம்னா போங்க. அதனால தினம் காலையில நான்தான் பொத்தான் போட்டு விடுவேன். நான் போடறப்ப அவர் என்னைப் பாக்க மாட்டாரு, மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. பொட்டிக்கடைக்காரர் வந்தாலும் சரி, சொந்தக்காரங்க வந்தாலும் சரி, வலது கையைத் துண்டுக்கு அடியில மறைச்சுக்குவாரு.

எனக்குத் தெரியாம பயிற்சி வேற. துணி துவைக்கற இடத்துல நின்னுக்கிட்டு ஈரத் துண்டைப் பிழிவாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. துண்டுல இருந்து சொட்டுத் தண்ணி கீழ விழாது, இவர் கண்ணுல இருந்துதான் விழும். நான் பாத்துட்டு பாக்காத மாதிரி உள்ள வந்துடுவேன்.

லீவெல்லாம் தீர்ந்து, சம்பளம் இல்லாத லீவுக்கு வந்துட்டோம். பொண்ணு அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தா. வேலை நேரத்துல அடிபட்டா அரசாங்கம் நஷ்டஈடு தரணும்னு இருக்கு, அதுக்குக் கொழுந்தன் எழுதிப் போட்டாரு. மொதல்ல ஒரு அதிகாரி, "அன்னிக்கு சாமி கும்பிடக் கழுவற வேலைதானே நடந்துச்சு, அது டியூட்டி ஆகுமா?"ன்னு கேட்டாராம். கொழுந்தனுக்கு வந்துச்சே கோவம். "கழுவச் சொன்னது யாரு? எங்க ஊட்டு சாமியா?"ன்னு அங்கயே கத்திட்டு வந்தாரு. அது ஒரு வழியா டியூட்டிதான்னு ஆச்சு. அதுக்கப்புறம்தான் மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லி கடுதாசி வந்துச்சு.

கொழுந்தன் வந்து எங்க சமையல்கட்டு வாசல்ல உக்காந்து எனக்குப் புரியற மாதிரி சொன்னாரு. "அண்ணி, போர்டுல டாக்டருங்க மூணு பேரு உக்காந்துகினு, கை எவ்ளோ போச்சுன்னு சதவீதம் போடுவாங்க. அத்த வச்சுதான் நஷ்டஈடு, அத்த வச்சுதான் லேசான வேலை. கை சரியாயிடுச்சுன்னு எழுதிட்டாங்கன்னு வையி, ஒண்ணும் கெடையாது. மறுபடியும் வண்டிக்கு அடியிலதான் படுக்கணும்."

வண்டிக்கு அடியில. பிடி விட்டுப்போற கையோட. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

விஷயம் கீழ் வீட்டுக்காரிக்குப் போயிடுச்சு. அவ மெட்ராஸ்ல பாடிங்கற ஊர்ல பொறந்து வளர்ந்தவ, வாய்க்குப் பூட்டே கிடையாது, மனசும் அப்படித்தான், வஞ்சகம் இல்லாதவ. அவ தம்பி அரசாங்க டிரைவரு, இடுப்புல அடிபட்டு போர்டுக்குப் போய் வந்தவன். மூச்சு வாங்க மாடியேறி வந்தா. "இன்னா யக்கா, இவ்ளோ வெள்ளந்தியா கீற? அண்ணனுக்கு ஷேவிங் கீவிங் ஒண்ணும் வாணாம். கசங்கின சட்டையா பாத்துப் போடு. டாக்டரு தொடறதுக்கு முன்னாடியே ஐயோன்னு கத்தணும். டம்ளரைக் குடுத்தா கீழ போட்டுடணும். எந்தம்பி அப்டிதான் வாங்குனான். நெஜமா வலிக்குதுன்னு சொன்னா எவன் நம்புறான்?"

அவ சொன்னது எனக்கு வேதவாக்கு ஆயிடுச்சு. அன்னிக்கே ஒத்திகை ஆரம்பிச்சேன். நான்தான் டாக்டர். சப்பாத்திக் கட்டையைக் கையில குடுத்து, "பிடிங்க"ன்னேன். பிடிச்சாரு. "கீழ போடுங்க"ன்னேன்.

"ஏன் போடணும்? பிடிக்க முடியுதே."

"ஐயோ, போடுங்கன்னா போடுங்களேன்!"

போட மாட்டேன்னு கட்டையை உயரத் தூக்கிக் காட்டினாரு. சின்னப் புள்ளை மாதிரி அப்படி ஒரு பெருமை முகத்துல. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சு வாயை மூடல, கை நடுங்க ஆரம்பிச்சு, கட்டை தானா நழுவி அவர் கால் விரல் மேலயே விழுந்துச்சு. ரெண்டு பேரும் கட்டையையே பாத்துக்கிட்டு நின்னோம். அவர் குனிஞ்சு இடது கையால எடுத்து மேடையில வச்சுட்டு வெளிய போயிட்டாரு. இதை அங்க பண்ணுங்கன்னுதானே நானும் கத்தறேன்னு சொல்ல வந்தவ, அந்தக் கட்டையை எடுத்துக் கழுவப் போயிட்டேன்.

போர்டுக்குப் போற அன்னிக்குக் காலையில நான் கசங்கின சட்டை ஒண்ணு எடுத்து வச்சுட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா, மனுஷன் இடது கையால ஷேவ் பண்ணி, மோவாயில வெட்டுக்காயத்துல பேப்பரைக் கிழிச்சு ஒட்டிக்கிட்டு, நீலச் சட்டையை இஸ்திரி பண்ணிக்கிட்டு இருக்காரு. அதுவும் இடது கையாலதான். ஷூவுக்கு பாலிஷ் வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"கல்யாணத்துக்கா போறீங்க?"

"பெரிய டாக்டருங்க உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி பிச்சைக்காரன் மாதிரி நிக்கச் சொல்றியா?"

"நஷ்டஈடு வேணுமா, வேணாமா?"

அவர் சட்டையை மாட்டிக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னு ஃபேனைப் பாத்தாரு. நான் பொத்தான் போட்டு விட்டேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு திட்டு வீதம்.

எலக்ட்ரிக் ட்ரெயின்ல கூட்டம். ஒரு காலேஜ் பொண்ணு தழும்பைப் பாத்துட்டு எந்திரிச்சு இடம் குடுத்துச்சு. இவர் வேணாம்மான்னு சொல்லி, வலது கையாலதான் மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அம்பத்தூர் வர்றதுக்குள்ள கை இறங்கி, இடது கை ஏறிடுச்சு. எனக்கு அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துச்சு. வழியெல்லாம் காதோட காதா சொல்லிக்கிட்டே வந்தேன், தொட்டா கத்தணும், மறந்துடாதீங்கன்னு.

ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்களை மாதிரி நிறையப் பேரு. எல்லாரும் ஏதோ ஒரு அரசாங்க வேலையில அடிபட்டவங்க. எங்களுக்கு எதிர்ல ஒருத்தர் பெஞ்சுல சாய்ஞ்சு, அம்மா அம்மான்னு விடாம முனகிக்கிட்டு இருந்தாரு. தாடி, அழுக்குச் சட்டை. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவரு பொண்டாட்டி எவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்கா பாரு, நமக்கு வாய்ச்சதும் இருக்கேன்னு பொறாமைப்பட்டேன். கொஞ்ச நேரத்துல அந்த மனுஷன் அப்படியே சரிஞ்சு பெஞ்சுல இருந்து கீழ விழுந்துட்டாரு. வாயில நுரை. எங்க வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் இடது தோள்ல தாங்கித் தூக்கினாரு. கூட வந்திருந்த அவர் பொண்டாட்டி என் மடியில முகத்தை வச்சு அழுதா. நான் அவ தலையைத் தடவினேன், அவ முகத்தைப் பாக்க எனக்கு தைரியம் இல்ல. வலிக்குதுன்னு ஒருத்தன் கத்தினா நடிப்புன்னு நினைக்கற அளவுக்கு நானே ஆயிட்டேனேன்னு இருந்துச்சு.

எங்களைக் கூப்பிட்டாங்க. கூட ஒருத்தர் வரலாம்னாங்க, நானும் போனேன். நீள மேஜைக்குப் பின்னாடி மூணு டாக்டருங்க. நடுவுல இருந்தவர் கொஞ்சம் வயசானவர், கண்ணாடி போட்டவர். உள்ள நுழைஞ்சதும் எங்க வீட்டுக்காரர் காலைச் சேர்த்து விறைப்பா நின்னாரு. நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன்.

ஒரு டாக்டர் எந்திரிச்சு வந்து ரெண்டு விரலை நீட்டி, "அழுத்திப் பிடிங்க"ன்னாரு. இவர் பிடிச்சாரு பாருங்க, வீட்டுல ஈரத் துண்டுகிட்டக் காட்டின பலம் அத்தனையும் அதுல. டாக்டரே, "பரவால்லையே, நல்லாத்தான் பிடிக்கிறீங்க"ன்னாரு. கை நடுங்கறதுக்குள்ள விட்டுட்டாரு.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"சட்டை நீங்களே போட்டுக்கறீங்களா?"

"ஆமா சார்."

"பழைய வேலையைச் செய்ய முடியுமா?"

"முடியும் சார்."

என்னால அதுக்கு மேல தாங்க முடியல. "பொய் சொல்றாருங்க! சட்டைக்குப் பொத்தான் நான்தாங்க போட்டேன், இன்னிக்குக் காலையிலகூட நான்தான் போட்டேன். சோறு பிசைய முடியாதுங்க. பல் விளக்கறதுகூட இடது..." முடிக்கல. அவர் திரும்பி என்னைப் பாத்தாரு. அப்படி ஒரு பார்வை எங்க கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பாத்ததில்ல. கோவம்கூட இல்ல அது.

கண்ணாடிக்காரர் சத்தம் போடல. சலிப்பாத்தான் சொன்னாரு. "அம்மா, இங்க வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. யாராவது சொல்லிக் குடுத்து அனுப்பிடறாங்க. அவரே முடியும்ங்கறாரு, நீங்க ஏன் நடுவுல? வெளிய இருங்க."

உண்மையைச் சொன்னேன், நடிப்புன்னு தள்ளிட்டாங்க. அவர் நடிச்சாரு, உண்மைன்னு எழுதிட்டாங்க. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?

ரிசல்ட்டு என்ன வரும்னு தனியா சொல்லணுமா? குணமாயிடுச்சு, பழைய வேலைக்கே போகலாம், நஷ்டஈட்டுக்கு வழி இல்ல. அவர் என்கிட்டப் பேசவே இல்ல. காலையில சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிப்பாரு, நான் பொத்தான் போடுவேன், ரெண்டு பேரும் ஃபேனைப் பாப்போம். கீழ் வீட்டுக்காரி மட்டும் வந்து, "இன்னாண்ணே, இப்டிப் பண்ணிட்டியே"ன்னு முகத்துக்கு நேரா கேட்டா. அவளையும் சும்மா கடந்து போயிட்டாரு.

ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்குக் கொழுந்தன்தான் புரிய வச்சாரு. இவங்க ரெண்டு பேரும் அங்க தினக்கூலியா சேர்ந்தவங்க. பல வருஷம் கழிச்சுத்தான் நிரந்தரம் ஆச்சு. அந்தக் காலத்துல தினம் காலையில கேட்டுல வரிசையா நிப்பாங்களாம். மேஸ்திரி வந்து, "இந்த வேலை முடியுமா?"ன்னு ஒவ்வொருத்தனையும் கேப்பாராம். முடியும்னு சொன்னவன் உள்ள போவான். யோசிச்சவன் வீட்டுக்குப் போவான். "அண்ணி, காய்ச்சல்ல நின்னாகூட முடியும் சார்னுதான் வாயில வரும். மேஜைக்குப் பின்னால கண்ணாடி போட்ட ஆளு உக்காந்து முடியுமான்னு கேட்டா, அண்ணாத்தே இன்னா பண்ணுவாரு?"ன்னாரு.

கேட்டதும் எனக்கு மனசு ஆறல. இன்னும்தான் எரிஞ்சுது. அந்தப் பழக்கத்தைக் குடுத்தவங்களே இப்ப அதையே காட்டி இல்லைன்னு சொல்லிட்டாங்களேன்னு.

வேலைக்குப் போனாரு. கொழுந்தன் எப்பவும் கூடவே இருந்து இவர் பங்கையும் சேர்த்துச் செஞ்சாரு. யாருக்கும் தெரியாம ஸ்பேனரை வாங்கி முடுக்கி, திருப்பி இவர் கையில குடுத்துடுவாராம். எங்க வீட்டுக்காரருக்கு அது தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தாரு. அதுவே அவருக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும்னு இப்ப நினைச்சுப் பாக்கறேன்.

ஒரு நாள் மதியம் வாசல்ல ஷூ சத்தம். அந்த நேரத்துக்கு அவர் வந்ததே கிடையாது. தையல் மிஷினை நிறுத்திட்டு ஓடிப் பாத்தேன். படியிலயே உக்காந்துட்டாரு, சட்டையெல்லாம் வேர்வை. என்னாச்சுங்கன்னு கேட்டேன். இடது கையால ஷூவைக் கழட்டி வச்சுட்டுச் சொன்னாரு.

ரெண்டு பேருமா ஒரு கியர் பாக்ஸைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. பத்து நிமிஷ வேலை, ஆயிரம் தடவை செஞ்சது. பிடிச்சிருக்கோம்னுதான் இவர் நினைச்சிருக்காரு. கை எப்பவோ விட்டுடுச்சு, இவருக்கே தெரியல. அது சாய்ஞ்சு கொழுந்தன் பக்கம் விழுந்துருக்கு. காலை இழுத்துக்கிட்டாரு, செருப்பு மட்டும் மாட்டி நசுங்கிப் போச்சு. கொஞ்சம் தவறியிருந்தா காலே போயிருக்கும்.

"அவன் திட்டக்கூட இல்ல. 'ஒண்ணுமில்ல மாமே, செருப்பு பழசுதான்'னு சிரிக்கிறான். நான் நேரா ஆபீசர் ரூமுக்குப் போயிட்டேன். 'என்னால முடியாது சார்'னு சொன்னேன். அவருக்கு மொதல்ல புரியவே இல்ல. குடிச்சிருக்கியான்னு கேட்டாரு."

சொல்லிட்டு அழுதாரு. கை நசுங்கின அன்னிக்கு அழாத மனுஷன், தகடு வச்சப்ப அழாத மனுஷன், மாடிப்படியில உக்காந்து வாய்விட்டு அழுதாரு. கீழ் வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, வாயே திறக்காம மூடிக்கிட்டா. அவ வாழ்க்கையில பேசாம இருந்தது அந்த ஒரு தடவைதான்னு நினைக்கறேன்.

மறுபடியும் எழுதிப்போட்டு, அலைஞ்சு, ரெண்டாவது தடவை போர்டுக்குக் கூப்பிட்டாங்க. இந்த முறை நான் எதையும் சொல்லிக் குடுக்கல. அதே நீலச் சட்டை. அதே இஸ்திரி. ஷேவிங். பாலிஷ். நான் ஒரு வார்த்தை பேசாம பொத்தான் போட்டு விட்டேன்.

இந்த முறை நான் உள்ள போகல. போன முறை பட்டதே போதும்னு கதவோரம் நின்னுக்கிட்டேன். கதவு பாதி திறந்திருந்துச்சு. நடுவுல ஒரு லேடி டாக்டர். பழைய பேப்பரைப் படிச்சுட்டு நிமிர்ந்தாங்க.

"போன தடவை எல்லாம் முடியும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்ப முடியாதுங்கறீங்க. நடுவுல யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவருக்கு சொல்லிக் குடுத்தவ நான்தான், ஆனா அவர் கேக்கவே இல்லையே அம்மான்னு கத்தணும் போல இருந்துச்சு. புடவைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டேன்.

"போன தடவைதான் மேடம் பொய் சொன்னேன்."

"எதுக்கு? வழக்கமா எல்லாரும் முடியறதைத்தானே முடியாதுன்னு சொல்லுவாங்க?"

"முடியாதுன்னு சொல்லிப் பழக்கம் இல்ல மேடம்"னாரு.

அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. சட்டையைக் கழட்டுங்கன்னாங்க. அங்க இருந்த அட்டெண்டர் பொத்தானைக் கழட்டி விட்டாரு. "இப்ப நீங்களே போட்டுக்காட்டுங்க. வலது கையால."

அவர் போட ஆரம்பிச்சாரு. நான் கதவு இடுக்குல பாத்துக்கிட்டே நிக்கறேன். பொத்தானைப் பிடிப்பாரு, நழுவும். மறுபடியும் பிடிப்பாரு. காஜா ஓட்டைக்குக் கிட்டப் போகும், விரல் நடுங்கும், நழுவும். மூணு டாக்டர், அட்டெண்டர், அவ்வளவு பேரும் பாக்கறாங்க, பொத்தான் காஜாவுக்குள்ள போகல. என் கை தானா முன்னாடி நீளுது. ஓடிப்போய்ப் போட்டு விட்டுடணும்னு உடம்பெல்லாம் பதறுது. போகக் கூடாது. போனா நடிப்புன்னுடுவாங்க. கட்டின புருஷன் அவ்வளவு பேர் முன்னாடி தோத்துக்கிட்டு நிக்கறதை, அவர் நல்லா தோக்கணும்னு வேண்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். இப்படியொரு வேண்டுதலை எந்தச் சாமிகிட்டயும் எந்தப் பொம்பளையும் வேண்டக் கூடாது.

அவர் விடல. நெத்தியில வேர்வை ஓடுது, விடாம போட்டுப் பாக்கறாரு. கடைசியில அந்த அம்மாதான், "போதும்ங்க. போதும். விட்டுடுங்க"ன்னாங்க. அவங்க குரல் மாறியிருந்துச்சு.

நஷ்டஈடு வந்துச்சு. லேசான வேலையும் குடுத்தாங்க. பணிமனை கேட்டுல நின்னு, உள்ள வர்ற வண்டிக்கு வழிகாட்டற வேலை. எந்தக் கேட்டுல தினக்கூலியா வரிசையில நின்னாரோ, அதே கேட்டு. அதுக்கப்புறம் வந்த ஆயுத பூஜைக்கு அவரோட பழைய ஸ்பேனருக்கெல்லாம் கொழுந்தன் குங்குமம் வச்சு, வா மாமேன்னு கூப்பிட்டிருக்காரு. இவர் கேட்டை விட்டு உள்ள போகவே இல்லையாம். வீட்டுக்கு வந்து, போர்டு குடுத்த காகிதத்தை எடுத்து அந்தச் சதவீதத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "கை மட்டும்தான் இவ்வளவு. மிச்சத்துக்கெல்லாம் யாரு போடறது?"ன்னு கேட்டாரு. நான் காபி போடப் போயிட்டேன்.

வாங்க வேண்டியதைத்தான் வாங்கினோம், யார்கிட்டயும் கை நீட்டல. ஆனா ஒரு மனுஷன் தன் நியாயத்தை வாங்கறதுக்கு, தன்னால முடியலைங்கறதை நாலு பேர் முன்னாடி நிரூபிச்சுக் காட்டணும்னா, அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு இறங்கறதில்ல.

இப்பவும் தினம் காலையில அவர் சட்டையை மாட்டிக்கிட்டு என் முன்னாடி வந்து நிக்கறாரு. கழுத்துல இருந்து ஒவ்வொரு பொத்தானா போட்டுக்கிட்டே வருவேன், கடைசிப் பொத்தானை மட்டும் விட்டுட்டு, அடுப்புல என்னமோ இருக்கற மாதிரி உள்ள போயிடுவேன். வழக்கமான ட்ரெயின் போயிடும், போகட்டும், அடுத்த வண்டி வரும், அந்த ஒண்ணை மட்டும் அவரே போட்டுக்கட்டும்.